மாத்திரை இல்லாத வீடு

என் கணவர் மாத்திரை போடாமல் சர்க்கரையை அடக்கியவர். இதை நான் சொல்ல வேண்டியதே இல்லை, அவரே சொல்லுவார். செகந்தராபாத் பக்கம் அல்வாலில் எங்கள் காலனிப் பூங்காவில் காலையில் யார் எதிரே வந்தாலும் வணக்கத்துக்கு அடுத்த பேச்சு அதுதான். பால்காரரிடம் சொல்லியிருக்கிறார். கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடம் சொல்லியிருக்கிறார். அந்த மனிதர் சிலிண்டரைத் தோளிலிருந்து இறக்கவும் முடியாமல் "ஹவ் சார், ஹவ் சார்" என்று ஆமாம் போட்டுத் தலையாட்டிக்கொண்டு வாசலில் நின்றதைப் பார்த்தபோது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அவர் அடக்கியது பொய்யில்லை. கோபத்தில் எழுதுகிறேன் என்பதற்காக இல்லாததை எழுத மாட்டேன். பாதுகாப்புத் துறையின் கீழ் உள்ள ஒரு தொழிற்கூடத்தில், தரப் பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்தவர். ஓய்வு பெற்ற வருடம் அவருக்குச் சர்க்கரை என்று தெரிந்தது. டாக்டரம்மா மாத்திரை எழுதப் போனார். "மூணு மாசம் டைம் குடுங்க மேடம், நடந்தே சரி பண்ணிடறேன்" என்றார் இவர். ஆரம்பத்திலேயே கண்டுபிடித்துவிட்டோம், முயன்று பாருங்கள் என்று அந்த அம்மாவும் ஒத்துக்கொண்டார். நடந்தார். எடை இறங்கியது, சர்க்கரையும் இறங்கியது. இப்போதைக்கு மாத்திரை வேண்டாம், ஆனால் பரிசோதனையை விட்டுவிடாதீர்கள் என்று டாக்டரம்மா சொன்னார். அந்த வாக்கியத்தின் முதல் பாதியை மட்டும் வீட்டுக்குக் கொண்டுவந்தார் என் கணவர்.

நடந்தது அவர். மற்றதெல்லாம் நான். விடிவதற்கு முன்னால் எழுந்து வெந்தயத் தண்ணீரை வடிகட்டி வைக்க வேண்டும். பாகற்காயை விதை நீக்கி அரைத்துப் பிழிய வேண்டும். மிக்ஸி சத்தம் ஆகாது, அந்த நேரத்தில் அவர் மூச்சுப் பயிற்சியில் இருப்பார். அதனால் சமையலறைக் கதவைச் சாத்திக்கொண்டு அரைப்பேன். தினை, சாமை, வரகு என்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும். நேற்றுத் தின்றதே இன்றும் தட்டில் வந்தால் முகம் சுருங்கிவிடும். மதியத்துக்குக் காயும் கூட்டும் செய்து ஹாட்பேக்கில் மூடி வைக்க வேண்டும். சாயங்காலச் சுண்டலுக்குக் கடலையை ஊறப்போட வேண்டும். அதற்கப்புறம் நான் குளித்து, புடவையைச் சுற்றிக்கொண்டு, பஸ் பிடித்து செகந்தராபாத்தில் என் ஆபீசுக்குப் போக வேண்டும். மத்திய அரசின் தணிக்கை அலுவலகம் ஒன்றில் எனக்கு இன்னும் சர்வீஸ் இருக்கிறது.

அவருக்குப் பொங்குகிற வரகில் எனக்கும் ஒரு பிடி சேர்த்துப் பொங்கினால் என்ன என்று கேட்கலாம். பொங்கலாம்தான். உட்கார்ந்து தின்ன நேரம் வேண்டாமா? ஆபீஸ் கேன்டீனில் பூரியோ உப்புமாவோ கிடைத்ததை விழுங்கிவிட்டு சீட்டில் போய் உட்காருவேன். நோகாமல் நுங்கு தின்பது என்பார்கள் எங்கள் மதுரைப் பக்கம். நுங்கு தின்றவருக்குப் பாராட்டு, வெட்டிக் கொடுத்தவளுக்குப் புத்திமதி.

புத்திமதி ஏன் என்றால், எனக்கும் சர்க்கரை. அவருக்கு வருவதற்குப் பல வருடம் முன்பே வந்தது. மகள் வயிற்றில் இருந்தபோது முதலில் எட்டிப் பார்த்தது. பிரசவத்தோடு போய்விட்டது என்று நிம்மதியாக இருந்தேன். நாற்பதைத் தாண்டியதும் பெட்டி படுக்கையோடு திரும்பி வந்து தங்கிவிட்டது. ஒரு மாத்திரை இரண்டாகி, இரண்டும் போதாமல் காலையும் இரவும் இன்சுலின் ஊசி என்று ஆனது. எங்கள் இருவருக்கும் ஒரே டாக்டரம்மாதான். அவர் எங்களை எதிரே உட்காரவைத்துத் தெளிவாகச் சொன்னார், உங்கள் கணவருக்கு உடம்பில் இன்சுலின் இன்னும் சுரக்கிறது, உங்களுக்கு அது குறைந்துபோய்விட்டது, வெளியிலிருந்து கொடுத்தே ஆக வேண்டும், நடையும் வேண்டும் மருந்தும் வேண்டும் என்று. இவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். படியிறங்கும்போது சொன்னார், "நீ கொஞ்சம் நடந்திருந்தா இந்தப் பேச்சே வந்திருக்காது." நான் படியில் அப்படியே நின்றுவிட்டேன். காலையில் எழுந்ததிலிருந்து அந்த நிமிடம்வரை உட்காராத கால்கள் என்னுடையவை.

பூங்காவில் அவருக்கு ஒரு கூட்டம் உண்டு. எல்லாரும் பாதுகாப்புத் துறை அலுவலகங்களிலிருந்து ஓய்வு பெற்றவர்கள். பாதிப் பேர் நம்மவர்கள், மீதி தெலுங்குக்காரர்கள். வாழ்நாள் முழுக்க எதையாவது சோதித்து 'பாஸ்', 'ஃபெயில்' என்று முத்திரை குத்தியவர்கள். ஓய்வு பெற்ற பிறகு முத்திரை குத்த ஒன்றும் கிடைக்காமல் கை அரித்திருக்க வேண்டும். உடம்பைப் பிடித்துக்கொண்டார்கள். மாத்திரை போடாதவர் பாஸ். போடுகிறவருக்கு 'பேட்டரி வண்டி' என்று பட்டப்பெயர். "இன்னா சார், பேட்டரி போட்டாச்சா?" என்று கேட்டுச் சிரிப்பார்கள். ஒரு நல்ல மனிதர் இதய மருந்தையே மறைத்து மறைத்து விழுங்கிக்கொண்டிருந்தார் என்று அவர் மனைவி என்னிடம் சொல்லியிருக்கிறார்.

நடை முடிந்ததும் ஒரு பெஞ்சில் உட்கார்ந்து விரலைக் குத்தி சர்க்கரை பார்ப்பார்கள். மூச்சு வாங்க நடந்து முடித்த கையோடு பார்த்தால் எண் அழகாகத்தான் வரும். எங்கள் ஆபீசில் முதல் பாடமே இதுதான், சொல்லிவிட்டுப் போகிற தணிக்கையில் எந்தக் குடோனிலும் சரக்கு குறையாது. "சாப்பிட்டு ரெண்டு மணி நேரம் கழிச்சும் ஒரு நாள் பாருங்களேன்" என்று அவரிடம் சொன்னேன். "அரே, உன் ஆடிட் புத்தியை வீட்ல காட்டாதே" என்றார். அவர் இங்கேயே மெட்டுகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் பிறந்து வளர்ந்தவர். தாத்தா காலத்தில் ஆற்காட்டுப் பக்கமிருந்து வந்த குடும்பம். கோபம் வந்தால் அவர் தமிழுக்குள் பாதி ஊர் புகுந்துவிடும். "இன்சுலின் நக்கோ. அது தோத்துப்போனவங்க எடுத்துக்கறது. கைக்கு உனக்கு அது?" என்பார். நக்கோ என்றால் வேண்டாம், கைக்கு என்றால் எதற்கு. நான் உயிரோடு இருப்பதற்கு என்று பதில் சொல்லுவேன். அது அவருக்கு ஒரு பதிலாகவே தோன்றியதில்லை.

இந்தக் கூட்டத்துக்குத் தலைவர் ஒருவர் உண்டு. பெரிய பதவியில் இருந்தவர். இன்னமும் எல்லாருக்கும் அவர் டைரக்டர் சார்தான். அவருக்கு ஒரு யோசனை உதித்தது. ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்து யாராவது ஒருவர் வீட்டுக்கு எல்லாரும் போவது, சமையலறை அலமாரியையும் ஃப்ரிட்ஜையும் திறந்து பார்ப்பது. சர்க்கரை, மைதா, ஜாம், ஸ்வீட் டப்பா, மாத்திரை எதுவும் கண்ணில் படக்கூடாது. கணவன், மனைவி இரண்டு பேரும் மருந்து இல்லாமல் இருக்க வேண்டும். தேறினால் அது 'மாத்திரை இல்லாத வீடு'. சங்கராந்திக் கூட்டத்தில் தம்பதியை மேடையேற்றிப் பொன்னாடை போர்த்துவார்கள். அடுத்தவன் வீட்டு அடுப்படிக்குள் ஆண்கள் கும்பலாக நுழைந்து டப்பாவைத் திறந்து பார்ப்பதா என்று கேட்டேன். "இன்ஸ்பெக்ஷன்னா அப்பிடித்தான்" என்றார் என் கணவர், முகமெல்லாம் பூரிப்பாக.

எங்கள் முறை வந்தது. முந்தின நாள் சனிக்கிழமை முழுக்க அவர் சமையலறையில்தான் இருந்தார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவ்வளவு நேரம் அவர் அங்கே நின்று நான் பார்த்ததில்லை. டப்பாக்களைத் துடைத்தார். நான் காபிக்கு வைத்திருந்த சர்க்கரையைப் பக்கத்து வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். மறுநாளைக்கு ராகி மால்ட்டும் சுண்டலும் வேண்டும் என்றார். செய்து வைத்தேன்.

வந்தார்கள். வாசலில் ஷூக்கள் குவிந்தன. டைரக்டர் சார் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு என் அடுப்படிக்குள் நுழைந்தார். மசாலா டப்பாவை முகர்ந்து பார்த்தார். ஃப்ரிட்ஜைத் திறந்தார். "பேஷ்! தோட்டம் மாதிரி வெச்சிருக்கீங்க" என்றார். கதவுப் பக்கத் தட்டில் என் இன்சுலின் பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கட்டுக் கறிவேப்பிலை இருந்தது. அப்போது அவர் என் பக்கம் திரும்பி, "சிஸ்டர், நீங்களும் இன்சுலினை விட்டுட்டீங்களாமே! சார் சொன்னார். கங்கிராட்ஸ்" என்றார். எல்லாரும் கை தட்டினார்கள். நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் தினமும் உபயோகிக்கிற ஊசிப் பேனா என் கைப்பையில் இருந்தது. அந்தப் பை அவர் உட்கார்ந்திருந்த நாற்காலியின் முதுகிலேயே தொங்கிக்கொண்டிருந்தது. எடுத்து எல்லார் முகத்துக்கும் எதிரே காட்டியிருக்கலாம். ஆனால் வீட்டுக்கு வந்தவர்கள் முன்னால் புருஷனை விட்டுக்கொடுக்கக் கூடாது என்று சொல்லிச் சொல்லி வளர்த்துத் தொலைத்திருக்கிறார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு சுண்டல் பரிமாறினேன்.

அவர்கள் போனதும் கேட்டேன். "என் மருந்து எங்கங்க?"

"இன்னாத்துக்குக் கத்தறே? பத்திரமா இருக்கு, பார்" என்று ஃப்ரிட்ஜைத் திறந்து காட்டினார். வந்தவர்களை நான் வாசலில் வழியனுப்பிவிட்டு வருவதற்குள் பெட்டி அதே தட்டில் திரும்பி வந்திருந்தது.

"நான் ஊசியை விட்டுட்டேன்னு ஏன் பொய் சொன்னீங்க?"

"பொய் இல்ல. அட்வான்ஸா சொன்னேன். எப்பிடியும் விடத்தானே போறே?"

அன்று நடந்த சண்டையை எழுதினால் காகிதம் போதாது. சண்டையின் முடிவு வழக்கமான முடிவுதான். சாயங்காலம் அவருக்குச் சுண்டல் வேண்டியிருந்தது, வைத்தேன்.

கைப்பையில் இருந்த பேனா தீர்ந்ததும் ஃப்ரிட்ஜிலிருந்து புதியது எடுத்தேன். அதிலிருந்துதான் ஆரம்பித்தது. முதலில் தாகம். ஆபீசில் தண்ணீர் பாட்டிலை நிரப்புவதும் பாத்ரூமுக்குப் போவதுமாகவே பொழுது போயிற்று. கணினித் திரையில் எழுத்துகள் கலங்கின. சர்க்கரை பார்த்தால் ஏறியிருந்தது, மறுநாள் இன்னும் ஏறியிருந்தது. கேன்டீன் பூரியை நிறுத்தினேன். இரவுச் சோற்றை நிறுத்தினேன். மதிய இடைவேளையில் ஆபீஸ் வராந்தாவில் நடந்தேன். ஊசியை டாக்டரம்மா சொன்ன அளவில், சொன்ன நேரத்தில், ஒரு வேளை தவறாமல் போட்டுக்கொண்டேன். எதற்கும் இறங்கவில்லை.

"பாத்தியா?" என்றார் என் கணவர். அவர் குரலில் கவலை இருந்திருந்தால் நான் மன்னித்திருப்பேன். அதில் இருந்தது சந்தோஷம். "ஊசி போட்டும் ஏறுதுன்னா இன்னா அர்த்தம்? மருந்தால ஆகாதுன்னு அர்த்தம். கன்ட்ரோல் வேணும். வாய்க்கட்டு வேணும்." நான் திருட்டுத்தனமாக எதையோ தின்கிறேன் என்று அவர் முடிவு கட்டிவிட்டார். ஒரு கட்டத்தில் எனக்கே சந்தேகம் வந்துவிட்டது. நேற்று அந்த ஒரு வாழைப்பழத்தைத் தின்றோமே, அதுதானோ என்று குற்றவாளி மாதிரி யோசித்துக்கொண்டிருந்தேன். பசியும் தாகமுமாகக் கிடந்த என்னை, என் வாயாலேயே திட்டிக்கொள்ள வைத்தார்கள். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

ஒரு வெள்ளிக்கிழமை மதியம் ஆபீசில் வாந்தி எடுத்தேன். எழுந்திருக்கப் பார்த்தேன், கால் நிற்கவில்லை. உடன் வேலை பார்க்கிறவர்கள் காரில் தூக்கிப் போட்டு எங்கள் டாக்டரம்மாவின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். விரலில் குத்தி மெஷினில் பார்த்த நர்ஸ் இன்னொரு மெஷினை எடுத்துவரச் சொன்னது ஞாபகம் இருக்கிறது. சர்க்கரை எல்லை மீறி ரத்தத்திலேயே அமிலம் ஏறிவிட்டது, இன்னும் கொஞ்ச நேரம் விட்டிருந்தால் நினைவு தப்பியிருக்கும் என்று பின்னால் சொன்னார்கள். ஊரின் மறுகோடியில் மாதாப்பூரில் வேலை பார்க்கிற மகள், ஏதோ மீட்டிங்கின் நடுவிலேயே எழுந்து வந்துவிட்டாள். நாங்கள் தமிழில் பேசினால் ஆங்கிலத்திலும் தெலுங்கிலும் பதில் சொல்லுகிறவள். கட்டில் ஓரம் நின்று "அம்மா, ஏமயிந்தி? டெல் மீ, ஏமயிந்தி?" என்று என்ன ஆயிற்று, என்ன ஆயிற்று என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். எனக்கே தெரியாததை அவளுக்கு என்னவென்று சொல்ல?

என் கணவர் சாயங்காலம் வந்தார். கையில் அவருடைய வெந்தயத் தண்ணீர் ஃபிளாஸ்க். அடுத்த கட்டில்காரர்களுக்குக் கேட்கும்படி, "நடக்கச் சொன்னேன், கேக்கல" என்றார். பேசத் தெம்பு இல்லாமல் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமைதான் சங்கராந்திக் கூட்டம். காலையில் அவர் ஆஸ்பத்திரிக்கு வரவில்லை. மகள் போன் செய்தாள், எடுக்கவில்லை. மதியம் தாண்டி வந்தார். இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டை, நெற்றியில் குங்குமம், கையில் ஒரு துணிப்பை. பைக்குள்ளிருந்து ஜரிகை எட்டிப் பார்த்தது. எனக்கு விளங்கிவிட்டது. மனைவி மதுரைக்குப் போயிருக்கிறாள் என்று ஏதாவது சொல்லி, எங்கள் இருவருக்குமான பொன்னாடையை அவர் ஒருவரே வாங்கிக்கொண்டு வந்திருக்கிறார். என் நரம்பில் இன்சுலின் சொட்டுச் சொட்டாக இறங்கிக்கொண்டிருந்த நேரத்தில், நான் இன்சுலினை விட்டதற்காக மேடையில் கை தட்டியிருக்கிறார்கள்.

அவர் ஸ்டூலில் உட்கார்வதற்கும் டாக்டரம்மா வார்டுக்கு வருவதற்கும் சரியாக இருந்தது. வீட்டிலிருக்கிற மருந்தையெல்லாம் எடுத்துவரச் சொல்லியிருந்தார் அவர். மகள் இன்சுலின் பெட்டியைக் கொண்டுவந்து வைத்திருந்தாள். டாக்டரம்மா ஒரு பேனாவை எடுத்து உள்ளங்கைகளுக்கு நடுவில் உருட்டினார். என்னுடைய மருந்து பால் மாதிரி வெண்மையாகத்தான் இருக்கும், உருட்டினால் சீராகக் கலந்துவிடும். இது கலக்கவில்லை. ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துக் காட்டினார். கண்ணாடிச் சுவரில் பொடிப்பொடியாக வெள்ளைத் துணுக்குகள் ஒட்டிக்கொண்டிருந்தன. காலை அவசரத்திலும், பின்னால் கலங்கிய கண்ணுக்கும் அதெல்லாம் எங்கே தெரிந்தது!

"இதி ஃப்ரீஸ் அயிந்தா?" என்று கேட்டார். இது எப்போதாவது உறைந்துபோனதா என்று. அவருடன் எங்கள் பேச்செல்லாம் தெலுங்கில்தான்.

"இல்ல மேடம். எப்பவும் ஃப்ரிட்ஜ் கதவுலதான் வைப்பேன்" என்றேன்.

அப்போது என் கணவர் தொண்டையைக் கனைத்தார். "ஒரே ஒரு ராத்திரி ஃப்ரீசர்ல இருந்துச்சு மேடம். வீட்ல ஒரு இன்ஸ்பெக்ஷன். யாரும் பாக்கக் கூடாதுன்னு பட்டாணிப் பாக்கெட்டுக்குப் பின்னாடி வெச்சேன். மறுநாளே எடுத்துட்டேன். கூலிங்லதானே வெக்கணும்? கூட கொஞ்சம் கூலிங், அவ்ளோதானே?"

டாக்டரம்மா அவரையே பார்த்தார். "உறைஞ்சிட்டா அப்புறம் இதை மருந்துன்னு நம்பவே கூடாது. உருகினாலும் உதவாது. இவங்க ஒழுங்கா ஊசி போட்டுக்கிட்டு இருந்திருக்காங்க. உள்ள போனது வேலை செய்யல" என்றார்.

"அதை பாக்ஸ் மேல பெருசா எழுதியிருக்கணும் மேடம்" என்றார் என் கணவர்.

டாக்டரம்மா பெட்டியைத் திருப்பி அவர் கையில் கொடுத்தார். உறைய விடக்கூடாது என்று அதில் எழுதித்தான் இருந்தது. இந்த மனிதர் யார்? அதிக வெப்பத்திலும் அதிகக் குளிரிலும் எந்தப் பொருள் தாங்கும், எது கெட்டுப்போகும் என்று பார்ப்பதற்காகவே மாதம் தவறாமல் சம்பளம் வாங்கியவர். இரும்பையும் ரப்பரையும் குளிர்ப்பெட்டிக்குள் வைக்கும் முன்னால் பத்துப் பேரிடம் கேட்டவர். என் உயிர் மருந்தை வைக்கும்போது என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால், மருந்து இருப்பதை ஒத்துக்கொள்ள வேண்டுமே.

எனக்கு எங்கிருந்து குரல் வந்ததோ தெரியாது. "அந்தப் பையில என்ன இருக்கு? எடுங்க" என்றேன்.

"இப்போ எதுக்கு அது?"

"எடுங்க. எல்லாரும் பாக்கட்டும். நான் செத்துப்போயிருந்தா அதையே என் மேல போத்தியிருப்பீங்கள்ல?"

பக்கத்துக் கட்டிலில் கமலாப்பழம் உரித்துக்கொண்டிருந்த அம்மாள் கையை நிறுத்திவிட்டாள். என் கணவர் "மெதுவா, மெதுவா பேசு" என்றார். மெதுவாகப் பேசிப் பேசித்தான் அந்தக் கட்டிலில் கிடந்தேன். நான் நிறுத்தவில்லை. பாகற்காய்ச் சாற்றிலிருந்து பொன்னாடைவரை ஒன்று விடாமல் சொன்னேன். டாக்டரம்மாவுக்குத் தமிழ் தெரியாது. இருந்தும் அவர் வார்டை விட்டுப் போகாமல் நின்று கேட்டார்.

டிஸ்சார்ஜ் ஆன அன்று மகள் காரை அல்வால் பக்கம் திருப்பவேயில்லை. "யூ ஆர் கமிங் வித் மீ, அம்மா. நோ டிஸ்கஷன்" என்றாள். நானும் சீட் பெல்ட்டை மாட்டிக்கொண்டேன்.

மாதாப்பூரில் அவள் ஃப்ளாட்டில் இருக்கிறேன். சமைக்க ஒரு அம்மாள் வருகிறார். அவர் போட்டுத் தருகிற ஜொன்ன ரொட்டி என்கிற சோள ரொட்டியையும் கீரைப் பருப்பையும் நாற்காலியில் உட்கார்ந்து, மென்று சாப்பிடுகிறேன். விடிகாலையில் குடியிருப்பைச் சுற்றி நடக்கிறேன். காதில் எதையோ மாட்டிக்கொண்டு ஓடுகிற மென்பொருள் பிள்ளைகள் என்னைத் தாண்டிப் போகிறார்கள். அப்புறம் மெட்ரோ பிடித்து ஆபீஸ். நடையினால் எனக்கும் நல்லது நடக்கிறது. ஊசியின் அளவைக் கொஞ்சம் குறைத்திருக்கிறார் டாக்டரம்மா. ஊசி நிற்கவில்லை. நிற்க வேண்டும் என்ற ஆசையும் எனக்கு இல்லை. நடப்பது நல்லது என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். நடக்கிற நேரத்தை என்னிடமிருந்து பிடுங்கிக்கொண்டு, நடக்கவில்லை என்று என்னையே குற்றம் சொன்னதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

அவர் போன் செய்வார். ஆரம்பத்தில் வீறாப்பு, "நான் பாத்துப்பேன், நீ இருந்துட்டு வா" என்று. பிறகு வெந்தய டப்பா எங்கே என்று கேட்டார். வரகுக்கு எவ்வளவு தண்ணீர் என்று கேட்டார். பாகற்காயை விதையோடு அரைத்துவிட்டு, ஏன் இப்படித் தொண்டையில் சிக்குகிறது என்று கேட்டார். சில நாளில் அதுவும் நின்றது. தெருமுனையில் இருக்கிற கர்ரி பாயிண்ட் கடையில் குழம்பும் பொரியலும் பொட்டலம் கட்டி வாங்கிக்கொண்டு, குக்கரில் வெள்ளைச் சோறு வைத்துச் சாப்பிடுகிறார் என்று பக்கத்து வீட்டம்மாள் சொன்னாள். நடையை அவர் விடவில்லை. அதே பூங்கா, அதே சுற்று. நடை முடிந்து அந்த பெஞ்சில் மட்டும் உட்காருவதில்லையாம். விரல் வலிக்கிறது என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்துவிடுகிறாராம்.

போன வாரம் சாப்பாட்டு நேரத்தில் போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது.

"சுகர் ஏறிப்போச்சு" என்றார்.

"டாக்டர்கிட்ட போனீங்களா?"

"போனேன். மாத்திரை எழுதிக் குடுத்தாங்க. நான் வாங்கல."

"ஏன்?"

"நக்கோன்னுட்டேன். இன்னும் கொஞ்ச நாள் டைம் குடுங்க மேடம், என் ஒய்ஃப் வந்துடுவா, அவ வந்தா தானா இறங்கிடும்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பு வந்தது, அதற்குப் பின்னாலேயே ஆத்திரம் வந்தது. இத்தனை வருடமாக ஊரெல்லாம் எதைச் சாதனை என்று சொல்லிக்கொண்டு திரிந்தாரோ, அதைச் செய்தது யார் என்று அவர் வாயாலேயே டாக்டரிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். சொன்னது என்ன என்று அவருக்கே புரியவில்லை.

"நான் வர மாட்டேங்க" என்றேன். "டாக்டர் எழுதினதை எடுத்துக்கிட்டு மருந்துக் கடைக்குப் போங்க. மாத்திரையை வாங்கிப் போட்டுக்கோங்க. கூடவே நடங்க. ரெண்டும் வேணும்."

அப்புறம், "அப்போ பார்க்ல நான் இன்னா சொல்றது?" என்று கேட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து வந்து இத்தனை நாளில், உனக்கு இப்போது சர்க்கரை எவ்வளவு இருக்கிறது என்று அவர் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. போனை வைத்துவிட்டு, ஊசி போட்டுக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தேன்.